டர்போ காருக்கு ரீமேப்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் கார் எலக்ட்ரிகல் வேலையும் ஸ்கேனிங்கும் பார்க்கிறேன். ரீமேப் நான் செய்து தருவதில்லை. அதற்காக பெங்களூருக்குக் கிளம்புகிறவர்கள் போகும் முன் ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். செய்துகொண்டு வந்தபின் செக் லைட் எரிந்தால் மறுபடியும் வருவார்கள். ஓசூர், பர்கூர், காரிமங்கலம், பாலக்கோடு என்று எந்த ஊர் வண்டியாக இருந்தாலும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன, அதனால் முதலிலிருந்து படித்தால் நல்லது.

1. ரீமேப் ரீமேப்னு எல்லாரும் சொல்றாங்க. வண்டியில என்னதாண்ணா மாத்துறாங்க?

பார்ட்ஸ் எதையும் மாற்றுவதில்லை. இன்ஜினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் அல்லது டீசல் விட வேண்டும், ஸ்பார்க் எப்போது விழ வேண்டும், டர்போ எவ்வளவு காற்றழுத்தம் தர வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது ஈசியூ என்கிற கம்ப்யூட்டர். அதற்குள் பெரிய பெரிய அட்டவணைகள் இருக்கும். ஆர்பிஎம் 2000, ஆக்சிலேட்டர் பாதி மிதி, உள்ளே வரும் காற்று 45 டிகிரி என்று சென்சார்கள் சொன்னால், அதற்கு நேராக உள்ள கட்டத்தில் என்ன எண் இருக்கிறதோ அதன்படி நடக்கும். அந்த அட்டவணைதான் மேப். அந்த எண்களை மாற்றி எழுதுவது ரீமேப்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட் வழியாகவே பல வண்டிகளில் இதை எழுதிவிடலாம். புதிய ஈசியூக்கள் சில அந்த வழியைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது ஈசியூவைக் கழற்றி மேசை மேல் வைத்து, நேராக ஒயர் கொடுத்து எழுதுவார்கள்.

2. வெறும் எண்ணை மாத்துனா பவர் எங்க இருந்துங்க வரும்?

காற்றிலிருந்து. எரிபொருளைக் கூடுதலாக ஊற்றுவது பெரிய காரியம் இல்லை, அதை எரிக்கத் தேவையான காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று பிடிக்கும். டர்போ வண்டியில், வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். எவ்வளவு தள்ளலாம் என்று உத்தரவு போடுவது ஈசியூ. அந்த எண்ணைக் கூட்டினால் காற்று கூடும், காற்றுக்கு ஏற்றபடி எரிபொருள் கூடும், டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை, அதாவது இழுவை) கூடும்.

ஆனால் அழுத்தினால் காற்று சூடாகும். 35 டிகிரியில் இருக்கும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். இந்தச் சூட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி அடிக்கடி வரும்.

3. அப்போ கம்பெனிக்காரனே ஏன் அந்தப் பவரைக் குடுக்கல? அவனுக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறான். மே மாத வெயிலில் ஐந்து பேர், ஏசி, டிக்கி நிறைய சாமான், ஏதோ ஒரு பங்கில் போட்ட சுமாரான பெட்ரோல், சர்வீஸ் தேதி தாண்டிப்போன ஆயில். இத்தனையும் ஒரே நாளில் சேர்ந்தாலும் இன்ஜின் உடையக் கூடாது. அதற்காக அவன் வைத்திருக்கும் கையிருப்பைத்தான் நீங்கள் ரீமேப்பில் எடுத்துச் செலவு செய்கிறீர்கள். எடுப்பதில் தப்பில்லை. உங்கள் வண்டியில் அது இன்னும் மிச்சம் இருக்கிறதா, எந்தப் பாகத்தில் இருக்கிறது, எந்தப் பாகத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

வியாபாரக் கணக்கும் உண்டு. ஹூண்டாயின் 1.0 டர்போ பெட்ரோல் இன்ஜின் வெனியூவில் 120 பிஎஸ் கொடுத்தது, கிராண்ட் ஐ10 நியாஸ் டர்போவில் 100 பிஎஸ். டார்க் இரண்டிலும் 172 என்எம்தான். சின்ன வண்டி பெரிய வண்டியை முந்தினால் ஷோரூமில் எதை விற்பது?

4. ஸ்கார்ப்பியோ-என் 132 குதிரை மாடல வாங்கி, ரீமேப் போட்டு 175 ஆக்கிக்கலாம், லட்சக்கணக்குல மிச்சம்னு மச்சான் சொல்றான். சரியா வருமா?

இரண்டும் 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் என்பது சரி. ஆனால் ஒரே சிசி, ஒரே பெயர் என்றால் எல்லாப் பாகமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 1248 சிசி. ஸ்விஃப்ட் டீசலில் 75 பிஎஸ், 190 என்எம். அதே இன்ஜின் எர்டிகாவிலும் சியாஸிலும் 90 பிஎஸ், 200 என்எம். வித்தியாசம் புரோகிராமில் மட்டும் இல்லை. 90 பிஎஸ் இன்ஜினில் இறக்கைகள் கோணம் மாற்றிக்கொள்ளும் டர்போ இருந்தது, 75ல் இருந்தது சாதாரண டர்போ. ஸ்விஃப்ட்டில் 90க்கான மேப் ஃபைலை அப்படியே ஏற்றினால் அங்கே இல்லாத ஒரு பாகத்துக்கு ஈசியூ உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே மச்சானிடம் சொல்லுங்கள்: இரண்டு மாடலுக்கும் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச், இன்டர்கூலர், ரேடியேட்டர் பார்ட் நம்பர்களை ஸ்பேர்ஸ் கடையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அத்தனையும் ஒத்துப்போனால் அவர் பேச்சில் நியாயம் உண்டு. ஒன்று மாறினாலும் அந்த ஒன்றுதான் முதலில் போகும்.

5. சேலத்துல இருந்து வரப்போ தொப்பூர் மேட்டுல ஏசி போட்டா வண்டி மூச்சு வாங்குது. ரீமேப் பண்ணுனா சரியாயிடும்ல?

வாங்கியபோதும் இப்படித்தான் இருந்ததா, இல்லை போகப் போக இப்படி ஆனதா? போகப் போக என்றால் உங்களுக்குத் தேவை ரிப்பேர். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு, தூசி அடைத்த ஏர் ஃபில்டர், ஒட்டிக்கொண்ட வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவு), கரி பிடித்த ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு) என்று காரணம் ஏதாவது இருக்கும். ஸ்கேனரைப் போட்டுக்கொண்டு ஒரு மேடு ஏறினால் தெரிந்துவிடும். ஈசியூ கேட்கிற அழுத்தத்தைவிட நிஜமாகக் கிடைக்கிற அழுத்தம் குறைவு என்றால் பெரும்பாலும் எங்கேயோ காற்று கசிகிறது. அந்த வண்டிக்கு ரீமேப் போட்டால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, அதே கசிவு வழியாக இன்னும் அதிகமாக வெளியே விடும்.

ரீமேப் கேட்டு வந்து, ஹோஸ் மாற்றிவிட்டு சந்தோஷமாகப் போனவர்கள் நிறையப் பேர். எனக்குப் பிடித்த கஸ்டமர்கள் அவர்கள்தான்.

6. என்னுது டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி. பண்ணலாமா?

பண்ணலாம், பெரிதாகத் தெரியாது. கூட்டுவதற்குக் காற்று இல்லையே, கேள்வி 2ஐப் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் காசுக்கு நல்ல டயர் போடுங்கள்.

7. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ன்னு சொல்றாங்களே, எவ்வளவு ஏறும்?

ஸ்டேஜ் 1 என்றால் புரோகிராம் மட்டும். டர்போ வண்டியில் 20 முதல் 30 சதவீதம் வரை பவர் கூடும் என்பது பொதுவான கணக்கு. ஸ்டேஜ் 2 என்றால் டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), பெரிய இன்டர்கூலர், ஏர் இன்டேக் என்று பாகங்கள் மாற்றி, அதற்கேற்ற ஃபைல். ஸ்டேஜ் 3ல் டர்போவையே மாற்றுவார்கள். இதற்கெல்லாம் சர்க்கார் முத்திரை எதுவும் கிடையாது. ஒரு கடையின் ஸ்டேஜ் 1 இன்னொரு கடையில் ஒன்றரையாக இருக்கும்.

தினமும் ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிற வண்டிக்கு ஸ்டேஜ் 1க்கு மேல் போக வேண்டாம் என்பது என் எண்ணம். ஸ்டேஜ் 2ல் டவுன்பைப் என்றால் பெரும்பாலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கைவைப்பார்கள். அங்கே புகைச் சட்டம் வந்து நிற்கும்.

8. ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சிப் வருது, ஓபிடில செருகுனா போதுமாம். அதை வாங்கலாமா?

லைட் மினுக்குவதைத் தவிர அது எதுவும் செய்யாது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டினால் பழகிக்கொள்ளும் என்று அட்டையில் போட்டிருப்பான். அதற்குள் பழகிக்கொள்வது நீங்கள்தான்.

டியூனிங் பாக்ஸ் என்பது வேறு, அது நிஜமாகவே வேலை செய்யும். சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் மாட்டி, அழுத்தம் குறைவாக இருப்பதுபோல் பொய் சொல்ல வைக்கும். ஈசியூ அதை நம்பிக் கூட்டிக் கொடுக்கும். கழற்றி வைப்பது சுலபம் என்பது அதன் நல்ல பக்கம். கெட்ட பக்கம், இன்ஜினைக் காப்பாற்ற வேண்டிய ஈசியூவுக்கே உண்மை தெரியாமல் போவது. நன்றாக எழுதிய ரீமேப் அதைவிட மேல்.

9. டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் இருக்கு. தாங்குமா?

டிஎஸ்ஜி என்பது ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் வரும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எந்த டிஎஸ்ஜி என்று பார்க்க வேண்டும். போலோ ஜிடி டிஎஸ்ஐ முதல் இன்றைய டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா 1.5 வரைக்கும் வருவது டிகியூ200 என்கிற ஏழு கியர் ட்ரை கிளட்ச் பெட்டி. அதன் வரம்பு 250 என்எம். பழைய போலோ 1.2 டிஎஸ்ஐயின் டார்க் 175 என்எம், அதனால் அங்கே கொஞ்சம் இடம் இருந்தது. 1.5 டிஎஸ்ஐ ஷோரூமிலிருந்து வரும்போதே 250 என்எம். கேள்வி 3ல் சொன்ன கையிருப்பு இன்ஜினில் இருக்கலாம், கியர்பாக்ஸில் துளிகூட இல்லை.

மேனுவல் வண்டி என்றால் கிளட்ச்தான் முதல் சந்தேகம். நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம் வைத்து முழுதாக மிதியுங்கள். முள் குபீரென்று ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் நின்றால் கிளட்ச் பிளேட் இப்போதே வழுக்குகிறது. ரீமேப் போட்ட அடுத்த வாரம் டோ வண்டியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

10. ரீமேப்புக்கு அப்புறம் சாதா பெட்ரோல் போடலாமா, 95தான் போடணுமா?

ஃபைல் எதற்காக எழுதப்பட்டதோ அதைப் போட வேண்டும். ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, 91, 95 என்பதெல்லாம் அதுதான். அது குறைந்தால், ஸ்பார்க் விழுந்து எரியும் நடுவிலேயே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். நாக்கிங் என்பார்கள். நாக் சென்சார் அதைக் கேட்டவுடன் ஈசியூ ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பவர் விழும். அதாவது காசு கொடுத்து ஏற்றியதை அதுவே இறக்கிவிடும்.

சாதா பெட்ரோலுக்கு வெகுகாலம் குறைந்தபட்ச ஆக்டேன் 91 என்றுதான் இருந்தது. இப்போது வரும் இ20க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தரநிர்ணயம் 95, காரணம் எத்தனாலின் ஆக்டேன் அதிகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எத்தனாலில் அடங்கிய சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எரிய வேண்டிய காற்றின் அளவும் வேறு. ஐரோப்பாவில் 98 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலை வாங்கி அப்படியே ஏற்றுகிற கடைகள் உண்டு. 'என் ஊரில் கிடைப்பது இதுதான், இதற்கு லாக் எடுத்துச் சரி செய்தீர்களா' என்று கேளுங்கள். லாக் என்பது ஓட்டும்போது சென்சார் சொல்லும் எண்களைப் பதிவு செய்வது. இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரிலிருந்து விற்கிறது என்றாலும், தேர்ந்தெடுத்த பங்குகளில்தான். அரூரில் நின்றுகொண்டு அதைத் தேடும்படி ஃபைல் எழுதிக்கொள்ளாதீர்கள்.

11. பெங்களூர்ல போட்ட அன்னைக்கு வண்டி பறந்துச்சு. ஊருக்கு வந்தா பழையபடி ஆயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500. கீழே வரும்போது காற்று அடர்த்தி கூட வேண்டும், பவரும் ஏற வேண்டும் என்று தோன்றும். ஆனால் அங்கே 25 டிகிரி, இங்கே 38. உயரத்தால் வந்த லாபத்தை வெயில் தின்றுவிடும், அடர்த்தி கிட்டத்தட்ட சரிக்குச் சரியாகிப் போகும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. டர்போவுக்குள் போகும் காற்றே சூடாக இருப்பதால், அழுத்திய பின் இன்னும் சூடாக வரும். தார் ரோட்டுச் சூட்டில் இன்டர்கூலரும் பாதி வேலைதான் செய்யும். உள்ளே வரும் காற்று இவ்வளவு டிகிரிக்கு மேல் போனால் அழுத்தத்தைக் குறை, டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளு என்று ஈசியூவில் தனி அட்டவணை இருக்கிறது. நல்ல டியூனர் அதைத் தொடமாட்டார். உங்கள் வண்டி வெயிலில் அடங்கிப்போகிறது என்றால் அந்தக் காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். சோதிக்க வேண்டுமானால் காலை 6 மணிக்கு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மந்தமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சித்திரை வெயிலிலும் அதே வேகம் வேண்டும் என்று அடம்பிடித்து, அந்தச் சூட்டு அட்டவணையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். அது ரீமேப் இல்லை, பிஸ்டனுக்கு நாள் குறிப்பது.

12. டைனோ ஷீட் குடுத்திருக்காங்க, 150 குதிரைன்னு போட்டிருக்கு. நம்பலாமா?

டைனோ என்பது வண்டியின் பவரை அளக்கும் மெஷின். அதன் ஷீட்டில் மூன்று விஷயம் பாருங்கள். ரீமேப்புக்கு முன், பின் என்று இரண்டு ஓட்டமும் அதே டைனோவில், அதே நாளில் எடுத்ததா? சக்கரத்தில் அளந்த பவரா, நஷ்டத்தைக் கூட்டிப் போட்ட இன்ஜின் பவரா? மூன்றாவதாக, கரெக்ஷன் போட்டிருக்கிறார்களா?

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கம். உயரமான ஊரில் காற்று மெல்லியது என்பதால், கடல் மட்டத்தில் இருந்தால் எவ்வளவு வரும் என்று ஒரு பெருக்கல் எண் போடுவார்கள். பெங்களூரு உயரத்துக்கு அது சுமார் 10 சதவீதம் கூட்டிக் காட்டும். டர்போ இல்லாத வண்டிக்கு அது நியாயம். டர்போ வண்டியோ மெல்லிய காற்றைத் தானே கூடுதலாக அழுத்தி ஏற்கெனவே ஈடுகட்டியிருக்கும். அதற்கு மேலும் 10 சதவீதம் போட்டால் ஷீட்டில் மட்டும் இருக்கிற குதிரைகள் வந்துவிடும். முன், பின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

13. மைலேஜ் கூடும்னு சொல்றாங்களே?

டீசலில், பழையபடியே நிதானமாக ஓட்டினால் கொஞ்சம் கூடலாம். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை கிடைப்பதால் கியரை அடிக்கடி இறக்க வேண்டியதில்லை. ஆனால் ரீமேப் போட்டுவிட்டுப் பழையபடி ஓட்டுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

14. போட்டதுக்கு அப்புறம் ஓட்டுற விதத்துல எதையாச்சும் மாத்திக்கணுமா?

டாப் கியரில் 1500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது கியர் குறைக்காமல் முழுதாக மிதிக்காதீர்கள். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில், நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் வகையில், இந்த இடத்தில் கலவை நேரம் தப்பி முன்கூட்டியே வெடிக்கும் அபாயம் உண்டு. ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. நாக் சென்சார் கேட்டுத் திருத்துவதற்குள் முடிந்துவிடும். இதைக் கருத்தில் வைத்துத்தான் ஆயிலில் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற தரம் 2018லும், எஸ்பி என்ற தரம் 2020லும் வந்தன. டப்பாவில் அதைப் பார்த்து வாங்குங்கள், கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து நின்றவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போவின் தண்டுக்கு ஆயில் ஓடிச் சூடு இறங்கும். பிரேக் பேடையும் பார்த்து வையுங்கள். தருமபுரியிலிருந்து தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது கூடுதல் 30 குதிரை எந்த உதவிக்கும் வராது.

15. டீசல் வண்டி, டிபிஎஃப் லைட் அடிக்கடி வருது. ரீமேப் போடறப்பவே டிபிஎஃப், ஈஜிஆர் ரெண்டையும் எடுத்துடட்டுமா?

வேண்டாம். 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டியில் டிபிஎஃப் என்பது புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. அதை எடுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் வருவீர்கள். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியும் போகும்.

லைட் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டுகிற இடம். ரவுண்டானாவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவிலேயே வண்டி ஓடினால் வடிகட்டி சூடாகிக் கரியை எரிக்க வாய்ப்பே கிடைக்காது. வாரம் ஒருமுறை சூளகிரி வரை ஒரே சீராக 60க்கு மேல், 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் இன்ஜெக்டரையோ டிபிஎஃப் சென்சாரையோ பார்க்க வேண்டும். கறுப்புப் புகை கக்கும் ரீமேப் போட்டால் இதே வடிகட்டி இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

16. பிக்கப் வண்டி, சீசன்ல மாங்கா லோடு அடிக்கிறோம். இழுவைக்குப் போடலாமா, அப்படியே 80 லாக்கையும் எடுத்துடலாமா?

இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். கார் முழு பவரை எடுப்பது ஓவர்டேக் செய்யும் சில நொடிகள்தான். லோடு வண்டி மேட்டில் நிமிடக்கணக்கில் முழு பவரில் நிற்கும், சூடு இறங்க நேரமே இருக்காது. மஞ்சள் போர்டு சரக்கு வண்டிக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு சட்டப்படி இருக்க வேண்டியது, எஃப்சிக்குப் போகும்போது பார்ப்பார்கள்.

17. ரீமேப் சட்டப்படி தப்பா? ரோட்டுல நிறுத்துனா போலீஸ் எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. புரோகிராம்தானே, பார்ட் எதுவும் மாற்றவில்லையே என்று வாதிடுபவர்கள் உண்டு. இன்ஜின் பவர் மாறியிருக்கிறது என்பதை அந்த வாதம் மறைக்காது.

ரோட்டில் நிறுத்திக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால் கவலைப்பட வேண்டியது செக்போஸ்ட்டைப் பற்றி இல்லை, பெரிய விபத்துக்குப் பிறகு வண்டியைப் பிரித்துப் பார்க்கும் நாளைப் பற்றி. வாரன்ட்டியும் இன்சூரன்ஸும் என்ன ஆகும் என்பது அடுத்த இரண்டு கேள்விகளில்.

18. சர்வீசுக்கு விடறதுக்கு முன்னாடி பழைய ஃபைல ஏத்திட்டா ஷோரூம்ல தெரியாதுல்ல? வாரன்ட்டி போகாதுல்ல?

தெரியும். பல ஈசியூக்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்று எண்ணிக்கை வைத்திருக்கும். பழைய ஃபைலைத் திருப்பி ஏற்றினால் அதுவும் ஒரு எண்ணிக்கை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி வண்டிகளில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் டிடி1 என்ற குறி விழும். அது கம்பெனியின் கணினியில் அந்தச் சேஸி நம்பரோடு நிற்கும், எந்த ஊர் ஷோரூமுக்குப் போனாலும் கூடவே வரும். அதன்பின் இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்ட வாரன்ட்டியைக் கேட்டு வாங்குவது கடினம். வாரன்ட்டி உள்ள வண்டிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முடியட்டும், பிறகு பேசலாம்.

இன்னொரு விஷயம். சர்வீசில் அவர்களாகவே சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுவிடுவார்கள், உங்கள் ரீமேப் அழிந்துவிடும். அதைக் கேட்டுச் சண்டை போடவும் முடியாது.

19. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லணுமா?

சொல்ல வேண்டும். மாற்றம் செய்ததை மறைத்தால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க அவர்களுக்கு அது காரணமாகிவிடும். சொன்னால் பிரீமியம் கூடும், அல்லது முடியாது என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்கப் பயமாக இருக்கிறது என்றால் பதில் உங்களுக்கே தெரியும்.

20. எல்லாம் புரிஞ்சுது, இருந்தாலும் போடத்தான் போறேன். டியூனர்கிட்ட என்ன கேக்கணும்?

முதலில் இங்கேயே கேள்வி 5ல் சொன்ன ஸ்கேனும் கேள்வி 9ல் சொன்ன கிளட்ச் சோதனையும் முடித்துவிட்டுப் போங்கள். எந்தக் குறையும் இல்லாத வண்டியைத்தான் கொடுக்க வேண்டும்.

அங்கே போனதும், உங்கள் வண்டியிலிருந்து படித்தெடுத்த ஒரிஜினல் ஃபைலை உங்களுக்கு ஒரு காப்பி தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடலாம். எழுதும்போது பேட்டரிக்குத் தனியாகச் சார்ஜர் மாட்டுகிறார்களா என்று பாருங்கள். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. எழுதி முடித்தபின் ரோட்டில் ஓட்டி லாக் எடுக்க வேண்டும்: கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம், டைமிங் எவ்வளவு பின்னுக்குப் போகிறது, உள்ளே வரும் காற்றின் சூடு. டீசல் என்றால் ரெயில் பிரஷரும் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்) புகையும். பத்து நிமிடத்தில் ஃபைலை ஏற்றிவிட்டுக் காசு வாங்குகிற இடத்தில் இவை எதுவும் நடக்காது.

21. செகண்ட் ஹேண்ட்ல ஒரு டர்போ வண்டி பாத்திருக்கேன். முன்னாடி இருந்தவர் ரீமேப் போட்டிருந்தா எப்படித் தெரியும்?

ஓட்டிப் பார்த்துச் சொல்வது கடினம், ஒப்பிட இன்னொரு வண்டி இருந்தால் தவிர. ஸ்கேனரில் கேலிப்ரேஷன் ஐடி, சிவிஎன் என்று இரண்டு எண்கள் வரும். சிவிஎன் என்பது உள்ளே இருக்கும் புரோகிராமைக் கணக்குப் போட்டு ஈசியூ தருகிற எண். அதே மாடல், அதே ஆண்டு, அதே கேலிப்ரேஷன் ஐடி உள்ள வேறொரு வண்டியோடு ஒப்பிட்டால் சிவிஎன் ஒன்றாக இருக்க வேண்டும். ஐடி ஒன்றாக இருந்து சிவிஎன் மாறியிருந்தால் யாரோ எழுதியிருக்கிறார்கள். கெட்டிக்கார டியூனர் இதையும் பழைய எண்ணைக் காட்டும்படி செய்துவிட முடியும். அதனால் ஈசியூ மூடியின் சீல் பிரிந்திருக்கிறதா, மூடி விளிம்பில் புதுப் பசை இருக்கிறதா, ஸ்க்ரூ தலையில் கீறல் உண்டா என்றும் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டி என்றால் சேஸி நம்பரைக் கொடுத்து டிடி1 உண்டா என்று ஷோரூமில் விசாரியுங்கள்.

ரீமேப் இருப்பது உறுதியானால் உடனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரிஜினல் ஃபைல், லாக், கிளட்ச் மாற்றிய பில் எல்லாம் எடுத்துக் காட்டுகிற ஓனர் என்றால் பேசலாம். 'அப்படியெல்லாம் எதுவும் பண்ணலையே' என்று சொல்லிவிட்டு சிவிஎன் மாறியிருந்தால், விலை பேசாமல் வந்துவிடுங்கள்.